ஒரே தொட்டித் தண்ணீர், மூன்று கூழ்மங்கள்: கடலூர்க் கடலோர ஆய்வகத்தின் நிகழ்வு ஆய்வு

நிகழ்வு

கடலூர் போன்ற கடலோர ஊர்களின் கல்லூரி ஆய்வகங்களில் கூழ்மச் சோதனை (நுண்துகள்கள் கரையாமலும் படியாமலும் நீரில் பரவி நிற்கும் கலவையே கூழ்மம்) வரும் வாரத்தில் தலைகாட்டும் ஒரு சிக்கலை இங்கே ஒரு மாதிரி நிகழ்வாக எடுத்துக்கொண்டிருக்கிறோம். எந்தக் கல்லூரி என்பது பொருட்டல்ல. இதில் வரும் அளவுகள் வழக்கமான செய்முறையிலிருந்தும் பாடநூல்கள் தரும் திரிதல் மதிப்புகளிலிருந்தும் (கூழ்மத் துகள்களைத் திரளவைத்து இறக்கப் போதுமான குறைந்த உப்புச் செறிவு, லிட்டருக்கு மில்லிமோலில்) கணக்கிட்டவை. யாரும் ஒரு பிற்பகலில் செய்து சரிபார்த்துக்கொள்ளலாம்.

முதல் நாள் பிற்பகல் இரண்டு குழுக்கள் ஃபெர்ரிக் ஹைட்ராக்சைடு கூழ்மம் தயாரித்தன. ஒரே புட்டி ஃபெர்ரிக் குளோரைடு, ஒரே கேன் காய்ச்சி வடித்த நீர், ஒரே அடுப்பு. இரண்டு குடுவையிலும் கூழ்மம் நன்றாகவே வந்தது. பால் விடாத கடுந்தேநீரின் சிவப்பு. வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் துகள் எதுவும் தெரியாத தெளிவு. பக்கவாட்டில் லேசர் பேனாவை அடித்தால் கற்றையின் பாதை துலங்கியது. மாலையில் இரண்டையும் செலோஃபேன் பைகளில் கட்டிக் கூழ்மப்பிரிப்புக்கு, அதாவது உள்ளே மிஞ்சிய அமிலம் சவ்வு வழியே வெளிநீருக்குப் போவதற்கு, தொங்கவிட்டார்கள். முதல் குழுவின் பை ஒரு லிட்டர் பீக்கரில் வடிநீரில் தொங்கியது. அதற்குள் வடிநீர் தீர்ந்துவிட்டதால் இரண்டாம் குழுவின் பை, ஆழ்துளைக் கிணற்றின் போர் தண்ணீர் நிரம்பிய தொட்டியில் தொங்கியது. வெளியே இருக்கும் தண்ணீர்தானே, உள்ளே கலக்கப்போவதில்லையே என்பது எண்ணம். அதே தொட்டியில் ஒரு ஸ்டார்ச் கூழ்மப் பையும் கிடந்தது.

மறுநாள் காலை முதல் பையில் கூழ்மம் அப்படியே சிவந்து தெளிந்திருந்தது. இரண்டாம் பையின் அடியில் செம்பழுப்பு வண்டல். மேலே நிறமற்ற நீர். ஸ்டார்ச் பையில் மாற்றம் இல்லை. அன்று முற்பகல் இன்னொரு மேசையில் ஆர்சீனியஸ் சல்ஃபைடு கூழ்மத்தை நீர்க்க வைக்க அதே போர் தண்ணீரை எடுத்தார்கள். மின்பகுளி (நீரில் அயனிகளாகப் பிரியும் உப்பு போன்ற பொருள்) எதுவும் சேர்க்கும் முன்பே பொன்மஞ்சள் கலங்கித் திரளாகி இறங்கியது.

ஒரே தண்ணீர் மூன்று கூழ்மங்களைத் தொட்டிருக்கிறது. இரண்டு திரிந்தன, ஒன்று அசையவில்லை. திரிந்த இரண்டும் ஒரே காரணத்தால் திரிந்தனவா என்பதே இந்த ஆய்வின் கேள்வி.

மூன்றும் ஒரே சாதி அல்ல

கூழ்மம் என்ற சொல்லின் ஆங்கில மூலத்தை 1861-இல் வேதியியலாளர் தாமஸ் கிரஹாம் உருவாக்கியபோது அவர் கையில் இருந்த அளவுகோலே சவ்வுதான்: சர்க்கரையும் உப்பும் சவ்வைக் கடக்கும், பசையும் ஜெலட்டினும் கடக்காது. கடக்காதவற்றுக்குள்ளேயே இரண்டு இயல்புகள் உண்டு. ஸ்டார்ச், ஜெலட்டின், கோந்து, முட்டை வெண்கரு ஆகியவை கரைப்பான் கவர் கூழ்மங்கள். தண்ணீரைத் தாமே இழுத்துப் போர்த்திக்கொள்கின்றன. வற்றவைத்தாலும் திரும்பத் தண்ணீர் விட்டால் பெரும்பாலும் மீளும். ஃபெர்ரிக் ஹைட்ராக்சைடு, ஆர்சீனியஸ் சல்ஃபைடு, தங்கம் ஆகியவை கரைப்பான் வெறுக்கும் கூழ்மங்கள். இவற்றுக்கு நீர்ப்போர்வை கிடையாது. துகளின் மேற்பரப்பில் ஒட்டிய அயனிகளின் மின்சுமை ஒன்றே துகள்களை விலக்கி வைக்கிறது. அந்தச் சுமை போனால் கூழ்மமும் போயிற்று. ஒருமுறை திரிந்தால் தண்ணீர் ஊற்றிக் கலக்கி மீட்க முடியாது.

வடிகஞ்சியில் உப்புப் போட்டுக் குடிக்கிறோம், அது திரிவதில்லை. ஸ்டார்ச் பை பிழைத்ததும் அதனால்தான். சிறிதளவு உப்பு ஸ்டார்ச்சைத் தொடாது. அதன் நீர்ப்போர்வையையே உரிக்கும் அளவுக்கு ஆல்கஹாலோ பெருமளவு அம்மோனியம் சல்ஃபேட்டோ வேண்டும். முட்டை வெண்கருவின் கதை இன்னும் நேரெதிர். அதைக் கூழ்மமாக்கும் செய்முறையே 100 மில்லிலிட்டர் 5 சதவீத உப்புக் கரைசலில் கலக்கச் சொல்கிறது. வெறும் வடிநீரில் கலக்கினால் அதிலுள்ள குளோபுலின் புரதம் வெண்மையாகக் கலங்கி நிற்கும். உப்பு கூழ்மத்தின் பகை என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாது.

ஸ்டார்ச் கூழ்மமும் சாகும், ஆனால் வேறு வழியில். சில நாள் வைத்தால் அதன் சங்கிலிகள் ஒன்றோடொன்று சேர்ந்து வெண்கலங்கலாகப் படியும். கடலூர் வெயிலில் அதற்கு முன்பே புளித்துவிடும். இந்த இரண்டையும் மின்பகுளித் திரிதலாகக் குறிப்பேட்டில் எழுதிவைப்பது பலமுறை நடக்கும் பிழை.

தயாரிப்பு எப்படி இருந்திருக்க வேண்டும்

ஃபெர்ரிக் ஹைட்ராக்சைடுக்கு: 250 மில்லிலிட்டர் பீக்கரில் 100 மில்லிலிட்டர் வடிநீரைக் கொதிக்கவிட வேண்டும். 2 கிராம் ஹெக்ஸாஹைட்ரேட் ஃபெர்ரிக் குளோரைடை 100 மில்லிலிட்டரில் கரைத்து, அதில் 10 மில்லிலிட்டரை ஒவ்வொரு சொட்டாக, கலக்கியபடி, கொதி அடங்காமல் விட வேண்டும். கொதி நின்றுபோகும் வேகத்தில் ஊற்றினால் நீராற்பகுப்பு (ஃபெர்ரிக் குளோரைடு நீரோடு வினைபுரிந்து ஹைட்ராக்சைடும் அமிலமும் ஆவது) பாதியில் நிற்கும். சிவப்புக்குப் பதில் மஞ்சள் பழுப்பு கிடைக்கும், லேசர் பாதை மங்கும். முழுவதும் சேர்த்தபின் இரண்டு மூன்று நிமிடம் மட்டும் கொதிக்கவிட்டு இறக்க வேண்டும். நெடுநேரம் கொதிக்கவிட்டால் துகள்கள் பருத்துவிடும். பழைய ஃபெர்ரிக் குளோரைடு கரைசலின் அடியில் கார உப்பு படிந்திருக்கும். அதைக் கலக்கி எடுக்காமல், அன்றைக்கே புதிதாகக் கரைப்பது நல்லது.

இதில் நேரும் கணக்கைக் கவனிக்க வேண்டும். 10 மில்லிலிட்டரில் 0.2 கிராம் உப்பு, அதாவது 0.74 மில்லிமோல் இரும்பு. கொதித்து 100 மில்லிலிட்டரில் நின்றால் லிட்டருக்கு 7.4 மில்லிமோல். முழுவதும் நீராற்பகுந்தால் அதன் மும்மடங்கு, ஏறத்தாழ 22 மில்லிமோல் ஹைட்ரோகுளோரிக் அமிலம் கூழ்மத்துக்குள்ளேயே இருக்கும். அதைக் குறைக்கத்தான் கூழ்மப்பிரிப்பு.

ஆர்சீனியஸ் சல்ஃபைடுக்கு: 0.2 கிராம் ஆர்சீனியஸ் ஆக்சைடை 100 மில்லிலிட்டர் வடிநீரில் கொதிக்கவைத்து, சூடாக வடிகட்டி, ஆறவைத்து, ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவை மணம் நிலைக்கும் வரை செலுத்த வேண்டும். மிகுதி வாயுவை மெல்லச் சூடாக்கி வெளியேற்றலாம்; ஆனால் துடைத்தெடுத்தாற்போல் வெளியேற்றக் கூடாது. துகளுக்கு எதிர்மின்சுமை தருவதே அந்தச் சல்ஃபைடு வழி வந்த அயனிதான். இரண்டு பொருளும் கொடிய நஞ்சு. புகைப்பெட்டியும் கையுறையும் இல்லாத ஆய்வகம் இதைச் செய்யாமல் விடுவதே எங்கள் கருத்து.

சந்தேகங்களை ஒவ்வொன்றாக நீக்குதல்

முதல் நாள் மாலை வரை இரண்டு குழுக்களின் கூழ்மமும் ஒன்றுபோல் இருந்ததால் ஃபெர்ரிக் குளோரைடும் கொதியும் சந்தேகத்திலிருந்து விலகுகின்றன. அடுத்தது கண்ணாடிப் பாத்திரம். இதை லேசாக விடக்கூடாது. பியூரெட்டையும் குடுவையையும் குரோமிக் அமிலக் கலவையில் கழுவும் ஆய்வகத்தில், அலசல் போதாவிட்டால் டைகுரோமேட்டும் சல்ஃபேட்டும் சுவரில் தங்கும். ஃபெர்ரிக் ஹைட்ராக்சைடுக்கு டைகுரோமேட்டின் திரிதல் மதிப்பு லிட்டருக்கு 0.195 மில்லிமோல்தான். ஒரே ஒரு குடுவையில் மட்டும் கூழ்மம் திரும்பத் திரும்பக் கெட்டால் முதலில் அந்தக் குடுவையைத்தான் பார்க்க வேண்டும். இந்த நிகழ்வில் கூழ்மம் குடுவையில் கெடவில்லை, பையில்தான் கெட்டது. பைகள் இரண்டும் ஒரே சுருளிலிருந்து வெட்டியவை. மிஞ்சுவது வெளிநீர்.

சவ்வு துகளைத்தான் தடுக்கும். அயனிக்கு அது திறந்த கதவு, இரு பக்கமும் திறந்த கதவு. உள்ளே இருக்கும் குளோரைடு வெளியே வருவதுபோலவே வெளியே இருக்கும் சல்ஃபேட், கால்சியம், பைகார்பனேட் எல்லாம் உள்ளே போகும். தொட்டியில் தண்ணீர் ஏராளம் என்பதால், காலைக்குள் பையின் உள்நீர் ஏறத்தாழப் போர் தண்ணீராகவே மாறிவிடும்.

குடிக்கலாம், கூழ்மத்துக்கு ஆகாது

ஃபெர்ரிக் ஹைட்ராக்சைடு நேர்மின்சுமைக் கூழ்மம். அதைத் திரிக்கும் வேலை எதிரயனியுடையது, அதாவது எதிர்மின்சுமை கொண்ட அயனியுடையது. பாடநூல்கள் தரும் மதிப்பு சோடியம் குளோரைடுக்கு 9.25 மில்லிமோல், பொட்டாசியம் சல்ஃபேட்டுக்கு 0.205 மில்லிமோல். ஆர்சீனியஸ் சல்ஃபைடு எதிர்மின்சுமைக் கூழ்மம். அதற்கு நேரயனிதான் கணக்கு: சோடியம் குளோரைடு 51, மெக்னீசியம் குளோரைடு 0.72, கால்சியம் குளோரைடு 0.65, அலுமினியம் குளோரைடு 0.093. 1882-இல் ஷூல்ஸ் கண்டதையும் 1900-இல் ஹார்டி துகளின் சுமையோடு இணைத்ததையும் சேர்த்துத்தான் ஹார்டி–ஷூல்ஸ் விதி என்கிறோம்: துகளுக்கு எதிரான சுமை கொண்ட அயனியே திரிக்கும், அதன் சுமை கூடக் கூடத் திரிக்கும் திறனும் கூடும்.

இப்போது இந்த எண்களைக் குடிநீர்த் தரமான ஐ.எஸ். 10500-இன் ஏற்புடைய வரம்புகளுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். சல்ஃபேட்டுக்கு வரம்பு லிட்டருக்கு 200 மில்லிகிராம், அதாவது 2.08 மில்லிமோல். ஃபெர்ரிக் கூழ்மத்தைத் திரிக்க 0.205, ஏறத்தாழ 20 மில்லிகிராம் போதும். வரம்பில் பத்தில் ஒரு பங்கு! கால்சியத்துக்கு வரம்பு 75 மில்லிகிராம், அதாவது 1.87 மில்லிமோல், ஆர்சீனியஸ் சல்ஃபைடு தாங்குவதைப் போல் ஏறக்குறைய மும்மடங்கு. மெக்னீசியத்தின் 30 மில்லிகிராம் 1.23 மில்லிமோல், அதுவும் 0.72-ஐத் தாண்டியது. குளோரைடு மட்டும் 250 மில்லிகிராம் என்றால் 7.05 மில்லிமோல், 9.25-க்குக் கீழே. ஆக, எந்தப் பரிசோதனையிலும் தேறக்கூடிய நல்ல குடிநீரும் இரண்டு கூழ்மங்களையும் திரித்துவிடக்கூடும்.

கடலோரம் என்பதால் இன்னொரு கணக்கும் தேவை. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 2.7 கிராம் சல்ஃபேட், அதாவது 28 மில்லிமோல் உண்டு. சல்ஃபேட்டே இல்லாத நீர் 136 குடத்தில் ஒரு குடம் கடல்நீர் கலந்தாலே 0.205 மில்லிமோல் வந்துவிடும். அப்போது குளோரைடு சுமார் 140 மில்லிகிராம்தான் கூடியிருக்கும்; நாக்குக்கு உப்புத் தெரியாது. ‘எங்கள் போர் தண்ணீர் உப்பில்லை’ என்று சொல்லும் ஆய்வகமும் ருசியை நம்பக் கூடாது.

இதே வேலையைக் கெடிலமும் தென்பெண்ணையும் மழைக்காலத்தில் பேரளவில் செய்துகாட்டுகின்றன. எதிர்மின்சுமை கொண்ட களிமண் துகள்களைச் சுமந்துவரும் செந்நீர், கடலைத் தொடும் முகத்துவாரத்தில் மெக்னீசியமும் கால்சியமும் பட்டுத் திரண்டு இறங்குகிறது. ஆற்றின் வேகம் குறைவது பாதிக் காரணம், அயனிகள் மீதிக் காரணம்.

உறுதிப்படுத்தும் சோதனை

கணக்கு ஒத்துப்போவது மட்டும் போதாது. முதல் குழுவின் நல்ல கூழ்மம் கையில் இருக்கும்போதே ஆறு சோதனைக் குழாய்களில் தலா 5 மில்லிலிட்டர் எடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு நீரை 5 மில்லிலிட்டர் சேர்த்து, ஒரே ஒரு முறை கவிழ்த்து நிமிர்த்தி, இரண்டு மணி நேரம் அசைக்காமல் வைக்க வேண்டும்.

முதல் குழாயில் வடிநீர். இரண்டாவதில் போர் தண்ணீர். மூன்றாவதில் லிட்டருக்கு 0.41 கிராம் சோடியம் குளோரைடு கரைத்த நீர். இது குடிநீரின் குளோரைடு வரம்பான 250 மில்லிகிராமுக்குச் சமம். நான்காவதில் லிட்டருக்கு 0.148 கிராம் நீரற்ற சோடியம் சல்ஃபேட் கரைத்த நீர். இது 100 மில்லிகிராம் சல்ஃபேட். குழாயில் பாதியாக நீர்த்தபின் மூன்றாவதில் குளோரைடு 3.5 மில்லிமோல், நான்காவதில் சல்ஃபேட் 0.52 மில்லிமோல். ஒன்றும் மூன்றும் தெளிந்து நின்று, இரண்டும் நான்கும் திரிய வேண்டும்.

இத்துடன் நிறுத்தினால் ஒரு குற்றவாளி தப்பிவிடும். போர் தண்ணீரின் பைகார்பனேட்டும் ஃபெர்ரிக் கூழ்மத்துக்கு எதிரிதான். பி.எச். 7–8 நெருங்கும்போது ஃபெர்ரிக் ஹைட்ராக்சைடு துகளின் நேர்சுமையே கரைந்துபோகிறது. அந்நிலையில் சல்ஃபேட் இல்லாமலே திரியும். அமிலம் நிறைந்த புதுக் கூழ்மத்தில் இது பெரிய சிக்கலல்ல: பைகார்பனேட் தரும் காரத்தன்மை குடிநீர் வரம்பான 200 மில்லிகிராம் இருந்தாலும் 4 மில்லிசமானம்தான், அதாவது 4 மில்லிமோல் அமிலத்தைத்தான் தீர்க்கும்; உள்ளே 22 மில்லிமோல் அமிலம் காத்திருக்கிறது. தொட்டியில் இரவு முழுதும் தொங்கிய பையில் அந்த அமிலம் வெளியேறிவிட்டது. காரத்தன்மையோ தீராத ஊற்று. அதனால்தான் ஐந்தும் ஆறும் குழாய்கள்.

ஐந்தாவதற்கு: போர் தண்ணீரில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, பி.எச். தாள் 4 காட்டும் வரை கொண்டுவந்து, அதைச் சேர்க்க வேண்டும். காரத்தன்மை போயிற்று, சல்ஃபேட் அப்படியே இருக்கிறது. ஆறாவதற்கு: அப்படி அமிலமாக்கிய போர் தண்ணீர் 100 மில்லிலிட்டரில் 10 சதவீத பேரியம் குளோரைடு கரைசல் அரை மில்லிலிட்டர் சேர்த்து, வெண் வீழ்படிவை ஒரு மணி நேரம் படியவிட்டு, நுண்துளை வடிதாளில் வடிகட்டி எடுக்க வேண்டும். இதில் சல்ஃபேட்டும் போயிற்று. மிஞ்சிய பேரியம் நேரயனி என்பதால் இந்தக் கூழ்மத்தைத் தொடாது. ஐந்து திரிந்து ஆறு நின்றால் சல்ஃபேட்தான் காரணம். இரண்டும் நின்றால் காரத்தன்மை. இரண்டும் திரிந்தால் குளோரைடே மிகுதி என்று கொண்டு, போர் தண்ணீரைப் பாதியாக நீர்த்துச் சோதனையைத் திரும்பச் செய்ய வேண்டும். பேரியம் உப்பு நஞ்சு. பிப்பெட்டை வாயால் உறிஞ்சக் கூடாது.

திரிதல் மதிப்பையே அளக்க விரும்பினால் இரண்டு இருப்புக் கரைசல் போதும்: லிட்டருக்கு 0.349 கிராம் பொட்டாசியம் சல்ஃபேட் (2 மில்லிமோல்), லிட்டருக்கு 5.84 கிராம் சோடியம் குளோரைடு (100 மில்லிமோல்). 5 மில்லிலிட்டர் கூழ்மம், அதனுடன் இருப்புக் கரைசல் 0.5, 0.75, 1.0, 1.25, 1.5, 2.0 மில்லிலிட்டர், மீதிக்கு வடிநீர், மொத்தம் 10 மில்லிலிட்டர். சல்ஃபேட் வரிசை 0.1-லிருந்து 0.4 வரை, குளோரைடு வரிசை 5-லிருந்து 20 வரை ஓடும். பாடநூலின் 9.25-உம் 0.205-உம் அச்சாக வராது. வரவும் தேவையில்லை. கூழ்மத்தின் செறிவு, வயது, எஞ்சிய அமிலம், எவ்வளவு நேரம் காத்திருந்தோம் என்பதையெல்லாம் பொறுத்து மதிப்பு நகரும். இரண்டின் விகிதம் பல பத்து மடங்காக இருக்கிறதா என்பதுதான் பார்க்க வேண்டியது. 9.25-க்கும் 0.205-க்கும் அது 45. விடை வர வேண்டும் என்பதற்காக மாணவர்கள் எண்ணைத் திருத்தி எழுதும் இடம் இதுதான். மதிப்பெண் தருபவர் விகிதத்தைக் கேட்டால் அந்தத் தேவையே எழாது.

அயனி மேகத்தை மெலியச் செய்வது மட்டுமல்ல

சுமை கொண்ட துகளைச் சுற்றி எதிர்ச்சுமை அயனிகளின் மேகம் ஒன்று நிற்கும். உப்புக் கூடக் கூட அந்த மேகம் சுருங்கும். விலக்கும் தூரம் குறையும். துகள்கள் நெருங்கி, வான்டர்வால்ஸ் ஈர்ப்பில் (மிக அருகில் வரும் துகள்களுக்கு இடையே எழும் இயல்பான ஈர்ப்பு) மாட்டிக்கொள்ளும். 1941-இல் தெர்யாகின், லாந்தாவ் இருவரும், 1948-இல் வெர்வே, ஓவர்பீக் இருவரும் எழுதிய கோட்பாட்டின் சாரம் இது. துகளுக்கு எதிரான சுமை கொண்ட அயனியின் சுமை கூடும்போது தேவையான செறிவு சுமையின் ஆறாம் அடுக்கில் குறையும் என்று அது சொல்கிறது: இரட்டைச் சுமைக்கு 64-இல் ஒரு பங்கு, மும்மைச் சுமைக்கு 729-இல் ஒரு பங்கு. ஆர்சீனியஸ் சல்ஃபைடின் எண்களில் 51-ஐ 0.65-ஆல் வகுத்தால் 78, 0.093-ஆல் வகுத்தால் 548. ஒத்துவருகிறது என்றே சொல்லலாம்.

ஆனால் ஃபெர்ரிக் ஹைட்ராக்சைடும் சல்ஃபேட்டும் சந்திக்கும் இடத்தில் இந்த விளக்கம் போதாது. மேகத்தின் தடிமனைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். 9.25 மில்லிமோல் சோடியம் குளோரைடில் அது ஏறத்தாழ 3 நானோமீட்டர். 0.205 மில்லிமோல் பொட்டாசியம் சல்ஃபேட்டில் ஏறத்தாழ 12 நானோமீட்டர். மேகம் நான்கு மடங்கு தடிமனாக இருக்கும்போதே கூழ்மம் திரிந்துவிடுகிறது. சல்ஃபேட் தூரத்தில் நின்று மறைப்பது மட்டும் இல்லை; இரும்பின் மேற்பரப்பில் போய் ஒட்டி, சுமையையே குறைத்துவிடுகிறது. மேகம் சுருங்குவதை மட்டும் சொல்லிப் பாடத்தை முடித்தால் இந்த நிகழ்வு விளங்காது. திரிந்த வண்டலைக் கழுவினால் ஏன் எளிதில் மீளவில்லை என்பதற்கும் இதுவே பதில்.

மென்னீராக்கி பாதிதான் உதவும்

போர் தண்ணீர்தான் காரணம் என்று தெரிந்ததும் பல ஆய்வகங்கள் முதலில் செய்வது அயனிப்பரிமாற்ற மென்னீராக்கி பொருத்துவது. அது கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் எடுத்துக்கொண்டு சோடியத்தைத் தருகிறது. 300 மில்லிகிராம் கடினத்தன்மை என்றால் 3 மில்லிமோல் இரட்டைச்சுமை அயனி போய் 6 மில்லிமோல் சோடியம் வரும். 51-ஐத் தாங்கும் ஆர்சீனியஸ் சல்ஃபைடு பிழைத்துக்கொள்ளும். ஃபெர்ரிக் கூழ்மம் மறுநாளும் வண்டலாகவே இருக்கும், ஏனெனில் சல்ஃபேட்டை அந்தக் கருவி தொடவே இல்லை. தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு இங்கே விடை கிடைக்கிறது: தண்ணீர் ஒன்று, காரணம் இரண்டு. தண்ணீரைக் கொதிக்கவைப்பதும் சல்ஃபேட்டை விரட்டாது. ஆவியாகும் அளவுக்கு அதைச் செறிவாக்கும்.

ஆர்.ஓ. நீர் இரட்டைச்சுமை அயனிகளைப் பெரும்பாலும் தடுத்துவிடும். ஆனால் வீட்டு வகை ஆர்.ஓ. கருவிகள் பலவற்றில் ருசிக்காகச் சிறிது பச்சைத்தண்ணீரை மீண்டும் கலக்கும் திருகு ஒன்று இருக்கும். கேன் தண்ணீரும் அப்படி வந்ததாக இருக்கலாம். சந்தேகத்துக்கு இடம் வைக்காமல் சோதித்துவிடுவது மேல்: 10 மில்லிலிட்டர் நீர், 5 சொட்டு நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம், 1 மில்லிலிட்டர் 10 சதவீத பேரியம் குளோரைடு, ஐந்து நிமிடம் கழித்துக் கறுப்புத் தாளின் முன் பிடித்துப் பார்க்க வேண்டும். பக்கத்தில் 20 மில்லிகிராம் சல்ஃபேட் கொண்ட ஒப்பீட்டுக் குழாய் வேண்டும். மேலே சொன்ன 100 மில்லிகிராம் கரைசலில் 20 மில்லிலிட்டரை 100-ஆக நீர்த்தால் அது கிடைக்கும். அமிலத்தை விட்டுவிட்டால் கார்பனேட்டும் வெண்மையாகப் படிந்து ஏமாற்றும்.

மின்கடத்துமானி இருந்தால் இன்னும் எளிது. 0.2 மில்லிமோல் சோடியம் சல்ஃபேட் மட்டுமே செ.மீ.க்குச் சுமார் 50 மைக்ரோசீமென்ஸ் காட்டும். எனவே 10 மைக்ரோசீமென்ஸுக்குக் கீழே காட்டும் நீரில் கொல்லும் அளவு சல்ஃபேட் இருக்க வழியில்லை. பேட்டரிக்கு விற்கும் வடிநீரும் இந்தச் சோதனையில் தேறினால் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

பாதுகாக்கப் போய்த் திரித்தது

அரபிக் கோந்து நல்ல பாதுகாப்புக் கூழ்மம் (இன்னொரு கூழ்மத்தைத் திரியாமல் காப்பது) என்று படித்துவிட்டு, ஃபெர்ரிக் கூழ்மத்தில் சில சொட்டுக் கோந்துக் கரைசலை விடுபவர்கள் உண்டு. உடனே பழுப்புத் திரள் இறங்கும். பாடநூல் பட்டியலில் வரும் தங்க எண் (ஜெலட்டினுக்கு 0.005–0.01, அரபிக் கோந்துக்கு 0.15–0.25, உருளைக்கிழங்கு ஸ்டார்ச்சுக்கு 25) வேதியியலாளர் சிக்மாண்டியின் முறைப்படி 10 மில்லிலிட்டர் சிவந்த தங்கக் கூழ்மத்தில் 1 மில்லிலிட்டர் 10 சதவீத உப்புக் கரைசலைச் சேர்க்கும்போது, அது நீலமாகாமல் காக்கத் தேவையான மில்லிகிராம். தங்கக் கூழ்மம் எதிர்மின்சுமை கொண்டது. அரபிக் கோந்தும் அப்படியே. ஃபெர்ரிக் ஹைட்ராக்சைடோ நேர்மின்சுமை. எதிர்ச்சுமைக் கோந்து குறைந்த அளவில் வந்தால் சுமையைத் தீர்த்துவிடும். ஒரு சங்கிலியே இரண்டு மூன்று துகளைச் சேர்த்துக் கட்டியும் விடும். கலங்கிய குளத்துத் தண்ணீரில் தேற்றாங்கொட்டையை உரசும்போது அதன் பல்சர்க்கரைகள் களிமண்ணுக்குச் செய்வதும் இப்படிக் கட்டிப்போடும் வேலைதான். அமிலக் கூழ்மத்தில் ஜெலட்டின் நேர்சுமையோடு இருப்பதால் இந்த விபத்து நேராது. ஆனாலும் திரிதலைக் கற்பிக்கத் தயாரிக்கும் கூழ்மத்தில் எந்தப் பாதுகாப்பும் சேர்க்க வேண்டாம் என்போம். சேர்த்தால் அளப்பது கூழ்மத்தின் மதிப்பாக இருக்காது, ஜெலட்டினின் மதிப்பாகிவிடும்.

படிகாரமும் இங்கே ஒரு பொறி. களிமண் நீரைத் தெளிவிப்பது அதன் அலுமினியம். ஃபெர்ரிக் கூழ்மத்தைத் திரிப்பது அதன் சல்ஃபேட். லிட்டருக்கு 50 மில்லிகிராம் படிகாரமே 0.21 மில்லிமோல் சல்ஃபேட்டைக் கொண்டுவந்துவிடும்.

திருத்திய கூழ்மப்பிரிப்பு

100 மில்லிலிட்டர் கூழ்மத்தை நனைத்த செலோஃபேன் பையில், மேலே காற்றுக்கு இடம் விட்டுக் கட்டி, 1 லிட்டர் வடிநீரில் தொங்கவிட வேண்டும். சமநிலை அடைந்தால் ஒவ்வொரு மாற்றலும் அமிலத்தைப் பதினொன்றில் ஒரு பங்காக்கும்: 22 மில்லிமோல் 2 ஆகும், பிறகு 0.18, பிறகு 0.017. பி.எச். தோராயமாக 1.7-லிருந்து 2.7, 3.7, 4.8 என்று ஏறும். இரண்டு மாற்றலோடு நிறுத்துவது நல்லது. மூன்றாவது, நான்காவது என்று தூய்மையாக்கிக்கொண்டே போனால் துகளுக்குச் சுமை தரும் அயனியும் கழன்று, நல்ல வடிநீரிலேயே கூழ்மம் திரியும். இந்த இரண்டாம் வகைத் திரிதலையும் போர் தண்ணீர்த் திரிதலையும் குழப்பிக்கொள்ளாமல் இருக்க, வெளிநீரின் பி.எச்.-ஐ ஒவ்வொரு மாற்றலிலும் குறித்துவைக்க வேண்டும். மொத்தச் செலவு 2 லிட்டர் வடிநீர். அதைச் சோதனை தொடங்கும் முன்பே எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்.

எஞ்சிய ஃபெர்ரிக் அயனி இருக்கிறதா என்று பார்க்க பொட்டாசியம் ஃபெர்ரோசயனைடைக் கூழ்மத்தில் விடக் கூடாது. நான்கு எதிர்மின்சுமை கொண்ட அந்த அயனி கூழ்மத்தை உடனே திரித்துவிடும். வெளிநீரில் இரண்டு மில்லிலிட்டர் எடுத்து அதில் சோதிக்க வேண்டும். குளோரைடுக்கான வெள்ளி நைட்ரேட் சோதனையும் வெளிநீரில்தான்.

திரிந்த பையை மீட்க முடியுமா? அன்றே கண்டால், வண்டலைப் பலமுறை வடிநீரில் கழுவி இறுத்து, சில சொட்டு ஃபெர்ரிக் குளோரைடு சேர்த்து வெதுவெதுப்பாகக் குலுக்கினால் ஓரளவு கூழ்மமாகத் திரும்பலாம். ஒட்டிய சல்ஃபேட் லேசில் விடாது. நாளான வண்டல் இறுகிவிடும். அரை மணியில் புதிதாகத் தயாரித்துவிடலாம் என்பதால் நாங்கள் மீட்பைப் பரிந்துரைப்பதில்லை. இரும்பு வண்டலை நீர்த்துச் சாக்கடையில் விடலாம். மஞ்சள் ஆர்சனிக் திரளையும் அதன் மேல்நீரையும் விடக் கூடாது. இரண்டையும் மூடியுள்ள தனிப் புட்டியில் சேர்த்து, ‘ஆர்சனிக் கழிவு’ என்று தேதியோடு ஒட்டி, கல்லூரியின் அபாயக் கழிவுப் பொறுப்பாளரிடம் ஒப்படைக்க வேண்டும்.